கென்னடி சார், கொஞ்சம் சும்மா இருங்க!

2019 கனடா தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 16 அன்று ஒபாமா ஒரு ட்வீட் போட்டார். ட்ரூடோவுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்க என்பதுதான் சாரம். எங்க தேர்தலில் வெளிநாட்டுக்காரர் மூக்கை நுழைக்கலாமா என்று அங்கே ஒரே சத்தம். வெளிநாட்டவர் வெறும் கருத்து சொன்னால் கனடா தேர்தல் சட்டம் தடுக்காது. ட்ரூடோ 157 இடங்களோடு சிறுபான்மை அரசு அமைத்தார்.

அந்த சத்தத்தைப் படிக்கப் போய்த்தான் 1963-ல் மாட்டிக்கொண்டேன்.

அப்போது பிரதமர் டீஃபன்பேக்கர். அமெரிக்காவிடமிருந்து 56 போமார்க் ஏவுகணைகள் வாங்கியாச்சு. ஆனால் அவை அணு ஆயுதம் பொருத்தினால்தான் உதவும். அதைப் பொருத்தலாமா வேண்டாமா என்று மனுஷன் முடிவே எடுக்கவில்லை. நம்ம ஊர் புராஜெக்ட் மீட்டிங் மாதிரி தள்ளிக்கொண்டே போனார். எதிர்க்கட்சித் தலைவர் பியர்சன், அமைதிக்காக நோபல் பரிசு வாங்கியவர். அவரே ஜனவரி 12 அன்று, ஒப்புக்கொண்டபடி ஆயுதத்தை ஏற்கலாம் என்று கட்சி மாறாமலே கொள்கை மாறினார்.

ஜனவரி 30: பிரதமர் நாடாளுமன்றத்தில் சொன்னதை அமெரிக்க வெளியுறவுத் துறை பகிரங்க அறிக்கை விட்டு மறுத்தது. இது அப்பட்டமான தலையீடு. ஆறே நாளில் ஆட்சி கவிழ்ந்தது. கென்னடி கவிழ்த்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாதுகாப்பு அமைச்சர் ஹார்க்னெஸ் ராஜினாமா செய்யும் அளவுக்கு அமைச்சரவை ஏற்கெனவே பிளந்து கிடந்தது.

பிரச்சாரத்தில் டீஃபன்பேக்கருக்கு அமெரிக்காவே எதிரி. அமெரிக்கத் தூதர் பட்டர்வொர்த் பியர்சனைப் பாராட்டி எழுதியதாக ஒரு கடிதம் வேறு சுற்றியது. போலி என்றது அமெரிக்கா. இந்தச் சூழலில் கென்னடி உதவ விரும்புவதாக வாஷிங்டனிலிருந்து ஒரு பத்திரிகை நண்பர் பியர்சனை போனில் பிடிக்கிறார். தயவுசெய்து அவரை வாயே திறக்க வேண்டாம்னு சொல்லுங்க என்கிற தொனியில்தான் பதில் போனது. கென்னடி வாழ்த்தினால் ஓட்டு போய்விடும் என்று பயந்திருக்கிறார்.

ஆனால் பியர்சனை ரொம்பவும் உத்தமர் ஆக்கிவிட வேண்டாம். 1960-ல் கென்னடிக்குக் கருத்துக்கணிப்பு நடத்திய லூ ஹாரிஸ்தான் இவருடைய கட்சிக்கும் ரகசியமாக, வேறு பெயரில் வேலை பார்த்தார். வாழ்த்துதான் வேண்டாம், ஆள் வேண்டும்! ஒபாமா ட்வீட்டைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. ட்வீட்டை வாக்காளர் பார்த்தார், திட்டினார், முடிவெடுத்தார். ஹாரிஸ் விஷயத்தில் அவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஏப்ரல் 8 தேர்தலில் பியர்சன் ஜெயித்தார், பெரும்பான்மைக்குச் சில இடங்கள் குறைவு. மே மாதமே ஹயானிஸ் போர்ட்டில் கென்னடியைப் பார்த்துப் பேசினார். அந்த ஆண்டின் கடைசியில் அணு ஆயுதங்கள் ஒன்டாரியோவின் நார்த் பே தளத்தில் வந்து இறங்கின.