நெகட்டிவ் பென்சில் முதல் ஃபோட்டோஷாப் வரை: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சங்கரன்கோவில் சங்கரநாராயண சுவாமி கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரத்தை உச்சிவெயிலில் படமெடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான். வாசல் நிழலுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்தைக் காப்பாற்றினால் வாசல் கருத்துப்போகும். இன்று ஹைலைட்டைக் குறைத்து, ஷேடோவை ஏற்றி, நொடியில் சரிசெய்துவிடுகிறார்கள். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டில் இந்த வேலை கையால் நடந்திருக்கிறது. கருவியின் குறையை ஈடுகட்ட வந்த திருத்தம், குறை நீங்கிய பிறகும் ரசனையாக நிலைத்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாகாண அரசுக்காகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், 1857-58இல் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்தார். பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அன்றைய வெள்ளி உப்புகளுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாக உறைக்கும். நீல வானமும் வெண்மேகமும் அவற்றுக்கு ஒன்றே; அச்சில் வானம் வெறும் வெள்ளையாக விழும். இலைகளின் பச்சையோ கருந்திட்டாகிவிடும். டிரைப் நெகட்டிவ் மீதே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். மரங்களின் இலைகளிலும் ஒளி கூட்டினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்தில் ஆவணமாக்கியவரும் அவரே. ஆவணத்துக்கும் திருத்தத்துக்கும் இடையே அவர் முரண் எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

வானத்துக்கு நேர்ந்தது பிறகு முகத்துக்கும் நேர்ந்தது. நெகட்டிவில் டச்சிங் செய்யும் முறையை மியூனிக்கின் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியில் காட்டியதாகச் சொல்வது வழக்கம். நம் ஸ்டூடியோக்களில் அதற்குத் தேவை கூடுதலாகவே இருந்தது. பழைய பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது. நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாக விழும். மாநிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கருத்து விழும். எனவே நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் குங்கிலிய வார்னிஷ் தடவி, சற்றுச் சொரசொரப்பாக்கி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழுள்ள குழியையும் கன்னத்துச் சுருக்கத்தையும் சிறு சிறு கோடுகளால் நிரப்பினார்கள். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் அச்சில் வெளுக்கும். ஓரிடம் கருக்க வேண்டுமென்றால் மெல்லிய கத்தியால் சுரண்டுவார்கள். ஒரு கோடு கூடினாலும் ஆளின் சாயல் மாறிவிடும். மிகுந்த கைத்திறன் கேட்ட வேலை அது.

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள கோவில்பட்டியில் 1940களில் குடியேறிய கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடுதோறும் காலண்டர்களாகச் சென்றன. நிழல் விழாத, வழவழப்பான, உள்ளிருந்து ஒளிர்வது போன்ற முகங்கள் அவை. அதே சுவரில், அந்தக் காலண்டருக்குப் பக்கத்திலேயே குடும்பப் படமும் மாட்டப்பட்டது. ஸ்டூடியோ முகம் காலண்டர் முகத்தை நோக்கி நகர்ந்ததற்கு இந்த அண்மையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் பிளேட்டுகள் 1906லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ தயாரிப்புகள் புழங்கிய காலத்தில், மாநிறத்தை உள்ளபடி பதிவு செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் பென்சில் நிற்கவில்லை. குறைநீக்கம் நிறநீக்கமாக மாறிய இடம் இதுதான். இன்றைய செல்போன் செயலிகள் கேட்காமலே முகத்தை வெளுப்பதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே. அதை மேம்பாடு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளியானது. அவர்களுடைய தந்தை வீட்டிலேயே டார்க் ரூம் வைத்திருந்தவர். டாட்ஜ் கருவியின் சின்னம், என்லார்ஜர் ஒளியை மறைக்கக் கம்பியில் ஒட்டிப் பிடிக்கும் அட்டை. பர்ன் கருவியின் சின்னம், ஒளியைக் குவித்து விடும் கை. நுணுக்கத்தைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க்கும் டார்க் ரூமிலிருந்து வந்ததே: நெகட்டிவோடு மங்கலான பாசிட்டிவ் ஒன்றைச் சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் துலங்கும். 2002இல் வந்த ஹீலிங் பிரஷ், பென்சிலின் வேலையை மவுஸுக்கு மாற்றியது.

உண்மையான மாற்றம் தடயத்தில்தான். பழைய நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் கோடுகள் மினுங்கும். எங்கே, எவ்வளவு திருத்தினார்கள் என்று இன்றும் அளக்கலாம். திருத்தி ஜேபெக்காகச் சேமித்து, மூலத்தை அழித்துவிட்ட கோப்பில் அதற்கு வழியில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் பழைய ஸ்டூடியோ நடத்தியவர்களின் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பரணில் நெகட்டிவ் இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், பென்சில் கோடுகள் போய்விடும். முதலில் எந்தத் திருத்தமும் செய்யாமல் ஸ்கேன் செய்து ஒரு பிரதியைத் தனியாக வையுங்கள். மெருகேற்றுவதை வேறொரு பிரதியில் செய்துகொள்ளுங்கள்.