கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் இதயப் பாதிப்பு: ஆபத்துக் காரணிகள் என்னென்ன?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாக முடிந்து, பொருத்தப்பட்ட உறுப்பு நன்கு இயங்கத் தொடங்கிய பிறகும் நோயாளியின் உயிருக்கு அச்சுறுத்தலாக அமையக்கூடியவற்றுள் இதயப் பாதிப்பு முக்கியமானது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, இதயத் துடிப்பு சீரின்மை, நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு, பக்கவாதம் ஆகியவை இவ்வகையில் அடங்கும். அமெரிக்காவின் உறுப்பு மாற்றுப் பதிவேட்டுத் தரவுகளை ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய 30 நாள்களுக்குள் நேரிடும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குக்கு இதய, ரத்தநாளக் கோளாறுகளே காரணமாக இருந்தன.

இந்தியாவில் மாறிவரும் சூழல்

இந்தியாவில் முதலாவது வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை 1998-ஆம் ஆண்டு நவம்பரில் தில்லியில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு நடைபெற்றது. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த அக்குழந்தைக்குத் தந்தை தமது கல்லீரலின் ஒரு பகுதியைத் தானமாக அளித்தார். இன்றும் நாட்டில் நடைபெறும் கல்லீரல் மாற்று சிகிச்சைகளில் பெரும்பாலானவை உயிருடன் உள்ள உறவினர்களின் கொடையால் நடைபெறுபவையே.

ஆனால், சிகிச்சை பெறுவோரின் தன்மை மாறியுள்ளது. ஒரு காலத்தில் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் மதுவும் கல்லீரல் செயலிழப்புக்கு முக்கியக் காரணங்களாக இருந்தன. தற்போது அவற்றுடன் கொழுப்புக் கல்லீரல் நோயும் சேர்ந்துள்ளது. நீரிழிவு, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் கைகோத்து வரும் இந்நோய், கல்லீரலைப் பாதிக்கும் அதே காலத்தில் இதயத்தின் ரத்தக்குழாய்களையும் பாதிக்கிறது. நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் நோயை மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சேர்த்தது. தெற்காசியர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு பிற இனத்தவரை விட இளம் வயதிலேயே ஏற்படுகிறது என்பதும் கவனத்தில் கொள்ளத்தக்கது.

மறைந்திருக்கும் இதயப் பலவீனம்

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் முற்றிய நிலையில், உடலின் ரத்தக்குழாய்கள் விரிவடைந்து ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும். இதயம் வேகமாகத் துடித்து, வழக்கத்தை விட அதிக ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு குறைவாக இருப்பதால், ஓய்வு நிலையில் எடுக்கப்படும் எக்கோ பரிசோதனையில் இதயம் நல்ல நிலையில் இருப்பது போன்றே தோன்றும். ஆனால், உடலுக்குத் திடீர் நெருக்கடி ஏற்படும்போது அதற்கேற்பச் செயல்படும் ஆற்றல் அந்த இதயத்துக்கு இருப்பதில்லை. சிரோசிஸ் சார்ந்த இதயத் தசை நோய் என மருத்துவர்கள் குறிப்பிடும் நிலை இதுவே. இதயத் தசை முழுமையாகத் தளராமை, ஈசிஜி-யில் 'க்யூடி' இடைவெளி நீண்டிருத்தல் ஆகியவை இதன் அடையாளங்களுள் சில.

புதிய கல்லீரல் பொருத்தப்பட்டதும் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு மெல்ல இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. அதுவரை குறைந்த சுமையில் இயங்கிய இதயம் திடீரெனக் கூடுதல் சுமையை எதிர்கொள்கிறது. முன்பு மறைந்திருந்த பலவீனம், அறுவை சிகிச்சைக்குப் பின் இதயச் செயலிழப்பாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

அறுவை அரங்கில் நெருக்கடியான நிமிடங்கள்

பழைய கல்லீரலை அகற்றும் கட்டத்தில், இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருஞ்சிரை முழுமையாகவோ பகுதியாகவோ அடைக்கப்படுகிறது. இதனால் இதயத்தை வந்தடையும் ரத்தம் குறைகிறது. பின்னர், புதிய கல்லீரலுக்குள் ரத்த ஓட்டம் திறந்துவிடப்படும்போது, அதில் தேங்கியிருந்த குளிர்ந்த, பொட்டாசியமும் அமிலத்தன்மையும் மிகுந்த திரவம் நேராக இதயத்தைச் சென்றடைகிறது. திறந்துவிட்ட முதல் 5 நிமிடங்களுக்குள் சராசரி ரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் சரிந்து, குறைந்தது ஒரு நிமிடம் நீடித்தால் அது மறு ரத்த ஓட்டக் கோளாறாகக் கருதப்படுகிறது. சிலருக்கு இக்கட்டத்தில் இதயத் துடிப்பு தடுமாறவோ நின்றுவிடவோ கூடும்.

முக்கிய ஆபத்துக் காரணிகள்

வயது: 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து அதிகம்.

ஏற்கெனவே உள்ள இதய நோய்: ரத்தக்குழாய் அடைப்பு, முந்தைய மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனும் துடிப்புக் கோளாறு ஆகியவை வலுவான காரணிகள்.

வளர்சிதை மாற்றக் கோளாறுகள்: நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, உடல் பருமன். கொழுப்புக் கல்லீரல் நோயால் மாற்று சிகிச்சைக்கு வருவோரிடம் இவை ஒருசேரக் காணப்படுகின்றன.

சிறுநீரகப் பாதிப்பு: சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு நீர்ச்சத்து, பொட்டாசியம் ஆகியவற்றின் சமநிலை எளிதில் குலைந்து இதயத்தைப் பாதிக்கிறது.

நோயின் தீவிரம்: கல்லீரல் நோயின் கடுமையை 6 முதல் 40 வரை அளவிடும் 'மெல்டு' மதிப்பெண் உயர உயர, அறுவை சிகிச்சையைத் தாங்கும் திறன் குறைகிறது. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நிலையில் சிகிச்சைக்குச் செல்வோருக்கு ஆபத்து மேலும் கூடுகிறது.

நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம்: கல்லீரல் நோயின் விளைவாக நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்புறம் பலவீனமடையலாம். சராசரி அழுத்தம் 35 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் இருந்தால் முதலில் மருந்துகளால் அதைக் குறைக்க வேண்டும். 50-க்கு மேல் நீடித்தால் உயிரிழப்பு அபாயம் மிக அதிகம் என்பதால் பொதுவாக அறுவை சிகிச்சை மேற்கொள்ளப்படுவதில்லை.

புகைப்பழக்கம்: இதயத்தையும் நுரையீரலையும் ஒருசேரப் பாதிப்பதால், சிகிச்சைக்கு முன்பே இதைக் கைவிட வேண்டும்.

பரிசோதனைகளும் சிக்கலான முடிவுகளும்

மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போர் அனைவருக்கும் ஈசிஜி, எக்கோ பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. மருந்து செலுத்தி இதயத் துடிப்பை உயர்த்திப் பார்க்கும் 'டோபுடமின்' எக்கோ பரிசோதனைக்குக் கல்லீரல் நோயாளிகளிடம் ஒரு வரம்பு உண்டு. உணவுக்குழாய் ரத்தக்கசிவைத் தடுக்க அவர்களில் பலர் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை உட்கொள்வதால், தேவையான துடிப்பு வேகத்தை எட்ட முடிவதில்லை. எனவே, அச்சோதனையில் குறை தென்படவில்லை என்பது மட்டும் ரத்தக்குழாய்களில் அடைப்பில்லை என்பதற்கு உறுதியாகாது. ஆபத்துக் காரணிகள் பல உள்ளவர்களுக்கு சிடி ஆஞ்சியோகிராம் அல்லது குழாய் வழி ஆஞ்சியோகிராம் பரிந்துரைக்கப்படுகிறது.

அடைப்பு கண்டறியப்பட்டால் அடுத்த சிக்கல் எழுகிறது. ஸ்டென்ட் பொருத்தினால் ரத்த உறைவைத் தடுக்கும் இரு வகை மாத்திரைகளைச் சில காலம் தொடர வேண்டும். தட்டணுக்கள் குறைந்த, ரத்தக்கசிவு வாய்ப்புள்ள நோயாளிக்கு அம்மருந்துகளே ஆபத்தாகலாம். அறுவை சிகிச்சையும் தள்ளிப்போகும். காத்திருக்கும் காலத்தில் கல்லீரல் முற்றிலும் செயலிழக்கவும் கூடும். எது உடனடி ஆபத்து என்பதைக் கல்லீரல், இதயம், மயக்கவியல் மருத்துவர்கள் கூடி முடிவு செய்வது இதனால்தான் அவசியமாகிறது.

உறவினர் கொடையளிக்கும்போது அறுவை சிகிச்சை நாளை முன்கூட்டியே திட்டமிட முடிவதால், இதயப் பரிசோதனைகளையும் சர்க்கரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டையும் நிறைவு செய்ய அவகாசம் கிடைக்கிறது. சில நாள்களிலேயே கல்லீரல் செயலிழக்கும் அவசர நிலைகளில் அத்தகைய அவகாசம் இருப்பதில்லை. நோயாளியின் இதயம் தாங்குமா என்ற கேள்வி கொடையாளரையும் சார்ந்தது. உடல்நலமுள்ள ஒருவர் பெரும் அறுவை சிகிச்சைக்குத் தம்மை உட்படுத்துவதற்கு முன், பெறுபவர் பிழைக்கும் வாய்ப்பைக் குடும்பத்தினர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

ஆண்டுகள் கடந்தும் தொடரும் ஆபத்து

பொருத்தப்பட்ட கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்க உட்கொள்ளும் மருந்துகளும் இதய நலனைப் பாதிக்கின்றன. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை ரத்த அழுத்தத்தை உயர்த்துவதுடன், நாளடைவில் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். ஸ்டீராய்டுகள் சர்க்கரையையும் உடல் எடையையும் கூட்டுகின்றன. சிரோலிமஸ், எவரோலிமஸ் ஆகியவை ரத்தக் கொழுப்பை உயர்த்துகின்றன. எனினும், இம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது கல்லீரலையே இழக்கச் செய்யும். மருத்துவரே அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டும்.

பிற மருந்துகளைச் சேர்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், வெராபமில் ஆகியவை ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்திவிடும். அம்லோடிபைன் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சைக்ளோஸ்போரினுடன் சிம்வாஸ்டேட்டின் எனும் கொழுப்புக் குறைப்பு மாத்திரையைச் சேர்க்கக் கூடாது. பம்ளிமாஸ் பழ வகைகளையும் தவிர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மார்பு வலி அல்லது அழுத்தம், படுத்தால் மூச்சுத் திணறல், திடீர் எடை அதிகரிப்புடன் கால் வீக்கம், படபடப்பு, மயக்கம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனையை அணுக வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்கு வலியின்றியும் மாரடைப்பு ஏற்படலாம் என்பதால், காரணமற்ற வியர்வையையும் சோர்வையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

வயது, முந்தைய நோய்கள் போன்றவற்றை மாற்ற இயலாது. ஆனால், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் ஆகியவை கட்டுப்படுத்தக்கூடியவை. மாற்று சிகிச்சைக்குப் பின் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனைகளுடன் இவற்றையும் முறையாகக் கண்காணிப்பதே, கிடைத்த கல்லீரலின் முழுப் பயனை நோயாளி பெறுவதற்கான வழியாகும்.