தரவுப் பாதுகாப்புச் சட்டமும் காஞ்சிபுரத்தின் பெயர்ப்பட்டியல்களும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டம். தனிமை அடிப்படை உரிமையே என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. சட்ட வரைவு தந்த ஸ்ரீகிருஷ்ணா குழு, 2019 மசோதா, 2022இல் அது திரும்பப் பெறப்பட்டது என ஆறு ஆண்டு இழுபறிக்குப் பிறகே இச்சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் கையாளும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவோ உடனே நடைமுறைக்கு வந்தது. மக்களின் சந்தேகம் இந்த அவசரத்திலிருந்தே தொடங்குகிறது.

சர்ச்சைக்குரிய பிரிவுகள் இரண்டு. வேறு எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும், முரண்படும் அளவுக்கு இச்சட்டமே மேலோங்கும் என்கிறது 38(2). மாநிலச் சட்டங்களும் இதில் அடங்கும். மற்றது 44(3). பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது தனிமையில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரங்களை மட்டுமே மறுக்கலாம் என்றிருந்த தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை, தனிநபர் விவரம் என்றாலே மறுக்கலாம் என்று அது மாற்றிவிட்டது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போயிற்று. இந்தப் பிரிவை நீக்கக் கோரி 2025இல் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 120க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி ஆதங்கம் உண்டு. நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, ஆண்டு 1997. விதிவிலக்குகள் மலிந்த சட்டம்தான், ஆனாலும் ஒன்றியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு மூத்தது.

காஞ்சிபுரத்தில் இந்த விவகாரம் பட்டுக்கும் கோயிலுக்கும் நேராக வந்து சேர்கிறது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்குபவை. உறுப்பினருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வரும் சேலைக்குக் கூலி தருவது சங்கம். தறியே இல்லாதவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, பட்டியலை வாங்கிக்கொண்டு பிள்ளையார்பாளையம் தெருக்களில் வீடு வீடாகப் போவதுதான். கூட்டுறவுச் சங்கம் தன்னளவில் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வராது என்று 2013இல் தலப்பலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய விவரத்தை அவர் வழியாக மக்களும் பெறலாம் என்று அதே தீர்ப்பு வழிவிட்டது. அந்தச் சந்துக்குத்தான் இப்போது கதவு போடப்படுகிறது. பெயரில்லாத பட்டியலை வைத்துக்கொண்டு எந்தத் தறியைத் தேடுவது?

கோயிலுக்கும் இது பொருந்தும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வைக்கச் சொல்கிறது (பிரிவு 29). ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். அதற்குமுன் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் (பிரிவு 34). குத்தகைதாரர் யார் என்று தெரியாமல் என்ன ஆட்சேபணை சொல்ல முடியும்?

கணக்குக் கேட்பது இங்கே புதிதல்ல. இம்மாவட்டத்து உத்திரமேரூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலைத் தேர்வில் இடம்பெறக் கூடாது என்கின்றன. உள்ளூர் சுயாட்சிக்குச் சான்றாக இவற்றைக் காட்டுவது வழக்கம். ஆனால் இந்த விதிகள் அரச ஆணைப்படி, அரசனின் அதிகாரி உடனிருக்க, ஊர்ச் சபை செய்தவை. மேலிருந்து வரும் ஆணை எப்போதும் உள்ளூர்க் கணக்கை மூடத்தான் வரும் என்பதில்லை.

44(3) பற்றிய விமர்சனத்துக்கு ஒன்றிய அரசு தரும் பதிலில் சாரம் இல்லாமல் இல்லை. சட்டக் கடமைப்படி வெளியிடப்படும் விவரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று பிரிவு 3 சொல்கிறது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பட்டியலோடு வெளியே போவது நெசவாளருக்குக் கெடுதல்தான். ஆயினும் 44(3)இன் வாசகத்தில் இப்படிப் பிரித்துப் பார்க்கும் வரம்பு இல்லை. பெயரையும் வங்கி எண்ணையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. மானியம் போன்ற உதவிகளுக்காக நெசவாளரின் விவரத்தைப் பயன்படுத்த அரசுக்குப் பல நேர்வுகளில் புதிதாகச் சம்மதம் தேவையில்லை (பிரிவு 7). அவர் திருப்பிக் கேட்டால் மட்டும் தனிமை குறுக்கே வருகிறது. தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் ஒன்றிய அரசே நியமிக்கிறது. மாநிலத்துக்கு அதில் இடமில்லை.

ஒன்றியச் சட்டம் மாநிலச் சட்டத்தை மேலோங்குவது பற்றிய சர்ச்சை வேறிடத்திலும் உண்டு. அமெரிக்காவில் 2022, 2024இன் கூட்டாட்சித் தனிமை மசோதாக்கள் மாநிலத் தனிமைச் சட்டங்களை ஓரங்கட்டும் என்று கலிபோர்னியா எதிர்த்தது, இரண்டும் நிறைவேறவில்லை. அங்கே அச்சம், வலுவான மாநிலப் பாதுகாப்பு நீர்த்துப்போகும் என்பது. இங்கே பயம் வேறு: பாதுகாப்பின் பெயரால் வெளிப்படைத்தன்மை போய்விடும் என்பது.

8(1)(ஜே)யைக் காட்டி மனு மறுக்கப்பட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு திருத்தப்படவில்லை. மனுவில் அதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும்.