முழங்கால் மாற்றமும் முதுகு ஊசியும்: ஒரு சின்ன வரலாறு

கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர் நம் சங்கரன்கோவில். ஆனால் இரண்டு காலிலும் ஊன்றி நிற்க முடியாததால், ஆடித்தபசு அன்று வீட்டிலேயே இருந்துவிடும் பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் உண்டு. மூட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் கண் விழிப்பேனா?"

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்து காட்டினார்கள். 1847 மார்ச்சில் அது கல்கத்தாவுக்கு வந்தது. அடுத்து வந்த குளோரோஃபார்மில் சிலர் மேஜையிலேயே இறந்தார்கள். காரணம் அறிய நிஜாம் செலவில் 1888, 1889 ஆண்டுகளில் ஹைதராபாத்தில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனித்தால் போதும் என்றன அவை. அந்த மருந்து இதயத்தையும் திடீரென நிறுத்தும் என்பது பிறகுதான் உறுதியானது. மூச்சு, இதயம் இரண்டையும் கவனிக்க வேண்டும் என்பது உயிர்களை இழந்து கற்ற பாடம்.

1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற மருத்துவர் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, காலை மட்டும் மரத்துப்போக வைத்தார். பிறகு தானும் உதவியாளரும் அதைச் சோதித்துக்கொண்டார்கள். உதவியாளரின் காலில் அடித்தும் சுட்டும் பார்த்தார், வலியில்லை. ஆனால் இருவருக்கும் பின்னர் தலைவலி வந்தது. ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிவதால் வருவது அது. இன்றைய ஊசி மிக மெல்லியது. அந்தத் தலைவலி பெரியவர்களுக்கு இளையவர்களைவிடக் குறைவாகவே வருகிறது.

1974 இரண்டு வரவுகளைக் கண்ட ஆண்டு. நியூயார்க்கில் இன்சால், ரனாவத், வாக்கர் குழுவின் புதிய செயற்கை மூட்டு பயன்பாட்டுக்கு வந்தது. ஜப்பானில் தகுவோ அயோயாகி பல்ஸ் ஆக்சிமீட்டரை உருவாக்கினார். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிய அதே கருவிதான் ஆபரேஷன் முழுக்க நோயாளியின் விரலில் இருக்கிறது.

அதே ரனாவத்தான் 2000 அக்டோபரில் மும்பையில், 75 வயதான பிரதமர் வாஜ்பாயின் இடது மூட்டை மாற்றினார். அடுத்த ஆண்டு ஜூனில் வலது மூட்டு. வாஜ்பாய் 2004 வரை நாட்டை ஆண்டார். ஆக, வயது மட்டுமே தடையல்ல.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்கவிருந்தால், சர்க்கரை, பிரஷர், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, குறட்டை, முன்பு மயக்க மருந்தில் வந்த தொல்லை எதையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முதுகு ஊசியா, முழு மயக்கமா என்பதை அவர் அதை வைத்தே முடிவு செய்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் பெரியவர் குழம்பிப் பேசினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மருத்துவர் நடக்கச் சொன்ன அன்றே நடக்க வையுங்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும்.

வீடு திரும்பியதும் நம் வராந்தா போதும், நடை பழக. எதிரே வாக்கருடன் வருபவருக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள்.