நோயும் பழியும்

கொள்ளைநோயொன்று தோன்றும்போதெல்லாம் அதனைக் கொண்டுவந்தவர் யாவர் என்று தேடி, அவர்மீது பழி சுமத்துவது மனித சமுதாயத்தின் பழைய வழக்கமாகும். 14ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியபொழுது, யூத மக்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்று குற்றஞ்சாட்டிப் பல நகரங்களில் அவர்களைக் கொன்றொழித்தனர். ஆறு நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் எயிட்ஸ் நோய் தோன்றிய காலத்திலும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. பழி சுமத்துவதால் ஒரு நோய் எவ்வாறு வளர்கின்றது என்பதையும், பழியை நீக்கினால் அது எவ்வாறு தளர்கின்றது என்பதையும் இந்தியாவின் அண்மைக்கால வரலாறு நன்கு எடுத்துக்காட்டுகின்றது.

1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரியவகை நுரையீரல் அழற்சி கண்டிருப்பதாக வைத்தியர்கள் அறிவித்தனர். அவ்வைவரும் தன்பால் நாட்டமுடையோராயிருந்தமையால், இஃது அத்தகையோருக்கே உரிய நோயென்று பலர் முடிவுகட்டினர். அடுத்து, போதைமருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோரும், ஹெயிட்டி நாட்டிலிருந்து குடியேறியோரும், இரத்தம் உறையாக் குறைபாடுடையோரும் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். 1983இல் பிரான்சு நாட்டின் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்கள் நோய்க்குக் காரணமான வைரசைக் கண்டறிந்தனர். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பயன்படுத்தும் ஒரே ஊசி, தாயிடமிருந்து சேய் ஆகிய வழிகளால் அது பரவி, உடலின் நிர்ப்பீடன ஆற்றலை அழிக்கின்றதென்பது தெளிவாயிற்று. கிருமிக்குக் குலமும் தெரியாது, கூட்டமும் தெரியாது. எனினும், முதலிற் பதிந்த எண்ணம் மக்கள் மனத்தைவிட்டு அகலவில்லை.

இந்தியாவிலே இது மேனாட்டாரின் நோய் என்ற நம்பிக்கை நிலவிய வேளையில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சொலமன் தம் மாணவி நிர்மலா செல்லப்பனை ஓர் ஆய்வில் ஈடுபடுத்தினார். பாலியல் தொழிலில் ஈடுபட்டுக் கைதான பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்த இல்லத்துக்கு நிர்மலா சென்று, அவர்களிடமிருந்து இரத்த மாதிரிகளைப் பெற்றார். வேறு வசதியின்மையால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துப் பாதுகாத்தார். 1986இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை பரிசோதிக்கப்பட்டபோது, ஆறு பெண்களின் இரத்தத்தில் தொற்றுக்கான சான்று காணப்பட்டது. இந்திய மண்ணிலும் எச்.ஐ.வி. பரவியுள்ளதென்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

இந்த உண்மை வெளிப்பட்டதும் செய்திருக்க வேண்டியது யாது? அப்பெண்களைத் தொற்று எவ்வழியே வந்தடைந்தது, அவர்களிடம் வந்துசென்ற ஆடவர் யாவர், அவ்வாடவரின் மனைவியருக்கும் குழந்தைகளுக்கும் நேரவிருப்பது யாது என்று ஆராய்ந்திருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு. தொற்றுள்ள பெண்கள் சிலர், தண்டனைக்காலம் முடிந்த பின்னரும் விடுவிக்கப்படாது அடைத்துவைக்கப்பட்டனர். 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்களுக்கு விடுதலை கிட்டியது. இப்போக்குச் சென்னையோடு நின்றதுமன்று. 1989இல் கோவாவில், இரத்ததானம் செய்துவந்த டொமினிக் டி சூசா என்னும் இளைஞர், தம் இரத்தத்தில் தொற்றிருந்த ஒரே காரணத்தால் பொலிசாரால் அழைத்துச் செல்லப்பட்டு, 64 நாட்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். பரிசோதனைக்குச் சென்றால் சிறை கிடைக்குமென்று அறிந்தவர் பரிசோதனைக்குச் செல்வாரா? அச்சத்தால் மனிதர் மறைந்தனர். அவர்களுடன் நோயும் மறைந்து பரவிற்று.

வேறொரு வழியும் உண்டென்பதைக் கல்கத்தா காட்டிற்று. அந்நகரின் சோனாகாச்சிப் பகுதியில், 1992இல் அகில இந்தியச் சுகாதாரப் பொதுநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஆணுறையின் பயனை எடுத்துரைத்தாற் போதுமென்று முதலில் எண்ணப்பட்டது. ஆனால், பெண்களின் நிலையை உற்றுநோக்கியபொழுது, அறியாமையினும் பெரிய தடைகள் வேறு இருந்தமை புலனாயிற்று. ஒருத்தி ஆணுறையை வற்புறுத்தினால், வந்தவன் அடுத்த வீட்டை நாடிச் செல்வான். விடுதித் தலைவி சினப்பாள். வட்டிக்குக் கடன் கொடுத்தவன் வாயிலில் நிற்பான். பொலிசாரின் சோதனையில் அன்றைய வருவாயும் போய்விடும். பிள்ளையின் பசியைத் தீர்க்கவேண்டிய தாய்க்குப் பத்தாண்டுக்குப் பின் வரக்கூடிய நோய் எம்மாத்திரம்?

ஆதலின் அப்பெண்களிலிருந்தே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் தெரிந்தெடுக்கப்பட்டு, வீடுவீடாகச் சென்றனர். அனைவரும் ஒருமித்து மறுத்தால், வந்தவன் செல்வதற்கு அடுத்த வீடு இராதென்பதை உணர்த்தினர். 1995இல் அப்பெண்கள் தமக்கெனத் துர்பார் என்ற சங்கத்தையும், உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் அமைத்தனர். நல்லொழுக்கமுடையோரே கூட்டுறவுச் சங்கம் அமைக்கலாமென்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று பதிவுசெய்துகொள்ளுமாறு கூறப்பட்ட யோசனையை மறுத்து வாதாடி, தம் தொழிலின் பெயராலேயே பதிவு பெற்றனர். சேமிப்பும் குறைந்த வட்டிக் கடனும் கிட்டியதும், மறுத்துரைக்கும் துணிவும் உடன் வந்தது. 1992இல் நூற்றுக்கு மூவரளவிலும் குறைவாயிருந்த ஆணுறைப் பயன்பாடு, அப்பத்தாண்டின் இறுதியிற் பெரும்பான்மையோரின் வழக்கமாயிற்று. பம்பாயில் இத்தொழிலிலிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேரைத் தொற்றுப் பீடித்திருந்த காலத்தில், சோனாகாச்சியில் அது பத்தில் ஒரு பங்கினரளவிலேயே நின்றது.

சென்னையிலும் காலம் மாறிற்று. டாக்டர் சுனிதி 1993இல் ஒரு நிலையத்தை நிறுவி, பிறர் தொடவும் அஞ்சிய நோயாளரை அரவணைத்துச் சிகிச்சையளித்தார். அங்கு வந்த பெண்களுட் பலர், கணவரையன்றி வேறெவரையும் அறியாத குடும்பப் பெண்களாவர். ஒரு கூட்டத்தைச் சுட்டிய விரல் எத்துணை தவறானதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 2004இல் இந்திய அரசு வைத்தியசாலைகளில் இலவச மருந்து வழங்கத் தொடங்கிற்று. தொற்றுள்ளோரை வேறுபடுத்தி நடத்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் நிறைவேறி, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, வைரசின் அளவு பரிசோதனையிற் புலப்படாத நிலையை அடைந்தவர், உடலுறவால் பிறருக்கு நோயைப் பரப்புவதில்லையென்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஆனால் மருந்தை நாடி வருதற்கு, வருவோருக்கு அச்சமின்மை வேண்டும்.

1986இல் இரத்தம் அளித்த அவ்வாறு பெண்களின் பெயர்களை வரலாறு பொறித்துவைக்கவில்லை. அவர்கள் தந்த சில துளிகளே பெருந்தேசமொன்றுக்கு எச்சரிக்கையாயின. அவர்களைப் போன்றோருக்கு அந்நாட்களிற் கிடைத்த கைம்மாறு பூட்டிய கதவேயாகும். அக்கதவு திறக்கப்பட்ட பின்னரே நோயின் வழி அடைபடத் தொடங்கிற்று.