கழி, பாடு

மிகுதியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள். உறு, தவ, நனி என்னும் மூன்றைத் தொல்காப்பியம் இப்பொருளில் தருகிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. இவற்றுள் 'கழி' தனி அழகு உடையது. 'கழிபெருங்காதல்' என்பதில் அளவு கடந்த மிகுதி. நெய்தல் நிலத்திலோ, கழி என்பது கடல்நீர் உட்புகுந்து பரவும் உவர்நீர்ப் பரப்பு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு அத்தகைய ஒரு கழிதான்.

கடற்கரையில் வளத்தை அளக்கும் சொல் 'பாடு'. வலையில் விழுவது மீன்பாடு. நிறைய விழுந்தால் 'நல்ல மீன்பாடு'. பழவேற்காட்டில் இச்சொல் ஒரு முறைமைக்கே பெயராயிற்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளமிக்க இடங்களில் முறைவைத்து வலை கட்டுவதே பாடு. வளத்தைச் சொல்லும் சொல்லே அதைப் பங்கிடும் சொல்லாகவும் இருப்பது வியப்புக்கும் மதிப்புக்கும் உரியது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது தடைப்பட்டு, மீன்பாடு குறைகிறது. துன்பத்துக்கும் தமிழில் பாடு என்றே பெயர்.