வாளும் திருமுழுக்கும்: சாக்சானியர் வரலாறு தரும் படிப்பினை

ஐரோப்பாவில் திருச்சபை பரவிய வரலாற்றை அருட்பணியாளரின் தியாக வரலாறாகவே நாம் பெரும்பாலும் கற்பிக்கிறோம். அயர்லாந்துத் துறவியரும் ஆங்கிலேயரான போனிப்பாசும் ஆற்றிய பணியை நோக்கின் அது பொய்யன்று. ஆயினும் அவ்வரலாற்றில் வாளேந்தி வந்த அதிகாரத்திற்கும் இடமுண்டு. சாக்சானியர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வட ஜெர்மானியப் பகுதியில் வாழ்ந்த சாக்சானியர்மீது பிராங்கிய மன்னர் சார்லமேன் 772ஆம் ஆண்டு போர் தொடுத்தார். அவர்கள் புனிதமாகப் போற்றிய இர்மின்சூல் என்னும் தூணை அவ்வாண்டே அழித்தார். இடைவிட்டு நடந்த போர் 804 வரை நீடித்தது. 782இல் வெர்டன் என்னுமிடத்தில் ஒரே நாளில் 4,500 பேர் தலை வெட்டப்பட்டனர் எனப் பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்புகளே கூறுகின்றன. 785இல் சாக்சானியத் தலைவர் விதுகிந்து திருமுழுக்குப் பெற்றார். அக்காலச் சட்டமொன்று, திருமுழுக்கை மறுத்து ஒளிந்து வாழ்வோர்க்கும், முன்னோர் வழக்கப்படி இறந்தோரை எரிப்போர்க்கும் மரண தண்டனை விதித்தது. அனைவரும் தசமபாகம் செலுத்தவும் கட்டளையிட்டது. இவ்வாறு, கிறிஸ்துவோடு இணைவதன் அடையாளமாகிய திருமுழுக்கு, மன்னருக்கு அடிபணிவதன் அடையாளமாயிற்று.

இதற்கு மறுப்பு, மன்னரின் நம்பிக்கைக்குரியவர் ஒருவரிடமிருந்தே எழுந்தது என்பது கருதற்பாலது. யார்க் நகரிலிருந்து வந்து அரசவை ஆசிரியராக விளங்கியவர் அல்குயின். 796இல் ஆவார் இனத்தார் பிராங்கியருக்குப் பணிந்தபொழுது, சாக்சானியரிடம் செய்த பிழை இவர்களிடமும் நேரலாகாது எனக் கவலையுற்று, அவர் மன்னருக்கும் சால்ஸ்பர்க் ஆயர் ஆர்னோவுக்கும் மடல்கள் எழுதினார். விசுவாசம் மனமுவந்து ஏற்கப்படுவது. ஒருவனைத் திருமுழுக்கிற்கு நெருக்கலாம், விசுவாசத்திற்கு நெருக்க இயலாது என்பது அவரது வாதம். மத்தேயு 28:19-20இல் ஆண்டவர் வகுத்த முறைப்படி போதனையே முதலாவது, அதன் பின்னரே திருமுழுக்கு என அவர் விளக்கினார். கிறிஸ்தவராய்ப் பிறந்து வளர்ந்தோரே முழுமையாகச் செலுத்தத் தயங்கும் தசமபாகத்தைப் புதியோர்மீது சுமத்துவது தகுமோ என்றும் வினவினார்.

797இல் வெளிவந்த புதிய சட்டத்தில் கடுமை தணிந்தது. அபராதமே முதன்மை பெற்றது. எனினும் அல்குயினை நாம் மிகைப்படுத்தலாகாது. அவர் போரைக் கண்டிக்கவில்லை. மன்னரின் வெற்றியை இறைவன் அருளியதாகவே போற்றினார். வாள் திறந்த வழியில் போதகர் சாந்தமாக நடக்கவேண்டும் என்பதே அவர் விரும்பியது. அவரது சிந்தனையின் எல்லை இதுவே.

841-842இல் சாக்சானிய எளிய மக்கள் பலர் கிளர்ந்தெழுந்து முன்னோர் வழக்கங்களை மீட்க முயன்றனர். கட்டாயத் திருமுழுக்கு உள்ளத்தைத் தொடவில்லை என்பதற்கு இது சான்று எனலாம். ஆயினும் அதே ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, நற்செய்தி வரலாற்றைச் சாக்சானிய மொழியில், அம்மக்களின் மரபுவழிச் செய்யுள் நடையில் பாடும் ஹேலியாந்து என்னும் காவியமும் தோன்றியது. அதில் கிறிஸ்து, அவர்கள் நன்கறிந்த தலைவனின் சாயலில், தம் தோழர் புடைசூழ வருகிறார். வெற்றி கொண்டவரின் சட்டமாக வந்த சமயம், அங்கே அவர்கள் தம் நாவினாலேயே பாடும் செய்தியாயிற்று.

திருமுழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கையைப் பதிவேடு காட்டும். அவர்கள் எதனை விசுவசித்தனர் என்பதை அது காட்டாது. திருச்சபையின் வளர்ச்சியை எண்ணிக்கையால் அளக்கும் ஒவ்வொரு தலைமுறையும் அல்குயினின் வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.